புறாக்கூண்டுத் தரையில் ஈரமும் நாற்றமும்: அறிகுறியைப் பார்த்து விரிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

புறா வளர்ப்பவர்கள் நால்வர் கூடினால் கூண்டுத் தரையில் என்ன விரிக்கலாம் என்ற பேச்சு வராமல் இருக்காது. ஒருவர் உமி என்பார். ஒருவர் ஆற்று மணல் என்பார். இன்னொருவர் எதையும் விரிக்காமல் நாள்தோறும் சுரண்டுவதே நல்லது என்பார். அவரவர் கூண்டைப் பொறுத்தவரை மூவரும் சரியாகவே சொல்கிறார்கள். அடுத்தவர் மாடியில் நன்றாக இருந்த விரிப்பை நம் மாடிக்குக் கொண்டுவந்ததும் அது ஒரே வாரத்தில் நாறத் தொடங்குகிறது என்றால், அங்கே வராத ஈரம் இங்கே வருகிறது என்று பொருள். விரிப்பு ஓரளவு ஈரத்தைத் தாங்கிக்கொள்ளுமே தவிர, அது வரும் வழியை அடைக்காது. ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து, அதன் பிறகே எதை விரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

சென்னையிலும் அதை ஒட்டிய கடலோரப் பகுதிகளிலும் மொட்டை மாடியில் ஹோமர், கர்ணம், லக்கா போன்ற புறாக்களை வைத்திருப்பவர்களின் நிலையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால், சித்திரையில் செம்மையாக வேலை செய்த விரிப்பு ஐப்பசியில் கைவிட்டுவிடும்.

அறிகுறி: சுரண்டிய மறுநாளே தரை மீண்டும் ஈரமாகத் தெரிகிறது

பெரும்பாலான தொல்லைகளுக்கு இதுவே வேர் என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது. சிமென்ட் தரையின் ஈரம் கீழிருந்து ஊறி வருவதா, மேலே காற்றிலிருந்து படிவதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தரையில் ஒரு பகுதியை நன்றாகச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை அதன்மேல் பரப்பி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தாலோ, அடியிலுள்ள சிமென்ட் கறுத்திருந்தாலோ, ஈரம் தளத்திலிருந்து ஏறி வருகிறது. அடிப்பக்கம் உலர்ந்திருந்து மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றின் ஈரமே படிகிறது.

கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு எந்த விரிப்பும் மருந்தாகாது. தட்டோடு பதித்த பழைய மாடிகளில் தட்டோடுகளுக்கிடையே உள்ள பூச்சு பெயர்ந்து, மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கி நிற்பதையும், தண்ணீர் வடிவதற்கான வாட்டம் கெட்டுப்போய்க் கூண்டு நிற்கும் மூலையிலேயே நீர் தங்குவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாவது வாட்டம் இருக்க வேண்டும். கொத்தனாரை அழைத்து அதைச் சரிசெய்ய வசதியில்லாவிட்டால், கூண்டைத் தளத்திலிருந்து தூக்கிவிடுவதே அடுத்த வழி. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ வரிசையாக வைத்து, அவற்றின்மேல் ரீப்பர் கட்டைகளை அடித்து, அதன்மேல் பலகைத் தரை அமைத்து, அடியில் ஒன்றரை அடியாவது காற்று ஓடும்படி விட்டால், அதே கூண்டு அதே மழையில் உலர்ந்து நிற்பதைக் காணலாம். அடிப்பகுதியைச் சுற்றிலும் பலகையால் அடைத்து அழகுபடுத்த வேண்டாம். எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகத்தான் முடியும்.

இந்நிலையில் பலர் செய்யும் தவறு, ஈரத் தரையின்மேல் ரப்பர் மேட்டையோ வினைல் விரிப்பையோ போட்டு மூடிவிடுவது. நானும் ஒரு மழைக்காலத்தில் அதைச் செய்தேன். மேற்பரப்பு இரண்டு வாரம் பளபளவென்று இருந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் எச்சக் கரைசலும் புழுக்களும் நிறைந்திருந்தன. நீர் ஊடுருவாத விரிப்பு, அடித்தரை முழுவதும் உலர்ந்திருக்கும் இடத்தில்தான் பொருந்தும். அங்கும் வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: விடியற்காலையில் மட்டும் வரிசையாக ஈரப் புள்ளிகள் தெரிகின்றன

தகரக் கூரை போட்ட கூண்டுகளில் மார்கழியில் இது வழக்கம். இரவில் தகரம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால், புறாக்களின் மூச்சுக் காற்றிலுள்ள ஈரம் அதன் உட்பக்கத்தில் துளியாகப் படிந்து, தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும் போல்ட் முனைகளிலும் சொட்டுகிறது. புள்ளிகள் கூரையின் இணைப்புக் கோட்டுக்கு நேர்கீழே இருந்தால் ஐயமே வேண்டாம். கூரைமேல் தென்னங்கீற்று வேய்வதும், கூரைக்கு அடியில் சுவரின் உச்சியில் வலை அடித்த காற்றுத் திறப்பு விடுவதும் போதும். விரிப்பை மாற்றத் தேவையில்லை.

அறிகுறி: கதவைத் திறந்ததும் கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது

இது அம்மோனியா. புறா எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் உள்ள யூரிக் அமிலம், ஈரமும் வெப்பமும் கிடைத்ததும் பாக்டீரியாவால் சிதைக்கப்பட்டு அம்மோனியாவாக மாறுகிறது. உலர்ந்த எச்சத்தில் இந்த வேலை நடப்பதில்லை. ஆகையால் நெடி வருகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரிப்பின் அடியில் எங்கோ ஈரம் இருக்கிறது. கோழிப் பண்ணைகளில் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்குக்கு மேல் அம்மோனியா போகக் கூடாது என்பார்கள். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழலின் உட்புறத்தில் தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் பழுதடைந்து, பறவைகளுக்குச் சளி நோய்கள் எளிதில் தொற்றுகின்றன. புறாவுக்கும் அதே எச்சரிக்கையைக் கொள்வது தவறாகாது. பந்தயத்துக்குப் பழக்கும் ஹோமருக்கு மூச்சுதான் முதல்.

இதில் நம் மூக்கை நம்ப முடியாது. நாள்தோறும் கூண்டுக்குள் நிற்பவருக்கு அந்த நெடி பழகிவிடுகிறது. இரவு முழுவதும் மூடியிருந்த கூண்டைக் காலையில் திறந்தவுடன், நின்றபடி அல்லாமல் குந்தி உட்கார்ந்து, தரைக்கு ஓர் அடி உயரத்தில் முகர்ந்து பார்க்க வேண்டும். அல்லது புறா வளர்க்காத ஒருவரை அழைத்து வந்து கேட்க வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் இந்த உதவியைக் கேட்காமலேயே செய்துவருவார்கள், நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நெடி வந்ததும் சுண்ணாம்பு தூவுவது நம்மிடம் உள்ள பழக்கம். ஈர எச்சத்தின்மேல் சுண்ணாம்பு விழுந்தால் காரத்தன்மை கூடி, அதுவரை எச்சத்திலேயே தங்கியிருந்த அம்மோனியாவும் வாயுவாகக் கிளம்பிவிடும். நெடி அன்றைக்குக் குறைவதற்குப் பதிலாகக் கூடும். எனவே சுண்ணாம்பு போடுவதானால் பழைய கூளம் முழுவதையும் அள்ளி, தரையைச் சுரண்டி, உலரவிட்டு, அதன்பின் நன்றாக நீற்றி ஆறிய சுண்ணாம்புப் பொடியை மெல்லிய படலமாகத் தூவி, அதன்மேல் புதிய விரிப்பைப் பரப்ப வேண்டும். நீறாத சுண்ணாம்பு ஈரம் பட்டதும் கொதித்துப் புறாவின் கால்களைப் பொசுக்கிவிடும் என்பதால் அதைக் கூண்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

நெடி தொடர்ந்து வரும் கூண்டில் புறாக்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது ஜோடிக்குக் கட்டிய இடத்தில் முப்பத்தைந்து ஜோடி இருந்தால், உமியை மாற்றினாலும் மணலை மாற்றினாலும் பயன் இல்லை.

அறிகுறி: விரிப்பு ஒரே இடத்தில் மட்டும் கட்டியாகிறது

தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பாத்திரத்தை வெளியே வைத்துக் கம்பிகளுக்கிடையே தலையை மட்டும் நீட்டிக் குடிக்கும்படி செய்யலாம். உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால், வலை அடித்த சிறிய மேடைமேல் பாத்திரத்தையும் மேடைக்கு அடியில் ஒரு தட்டையும் வைக்கலாம். குளிக்கும் தொட்டி எந்த நிலையிலும் கூண்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஈரம் தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே இல்லாமல், புறாக்கள் இரவில் அமரும் பரணுக்கு நேர்கீழே இருந்தால், அங்கே மட்டும் கழற்றக்கூடிய பலகை ஒன்றை வைத்து அதை நாள்தோறும் சுரண்டுவது தரை முழுவதற்கும் விரிப்பு மாற்றுவதைவிட எளிது.

அறிகுறி: விரிப்பில் பூஞ்சை வாடை, குஞ்சுகள் வாய் திறந்து மூச்சு வாங்குகின்றன

இந்த அறிகுறியைக் கண்ட அன்றே விரிப்பு முழுவதையும் வெளியேற்ற வேண்டும். ஈரம் பட்டுப் பூத்த வைக்கோல், மரத்தூள், நிலக்கடலைத் தோல் ஆகியவற்றில் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்கிறது. அதன் வித்துகளை மூச்சோடு உள்ளிழுக்கும் பறவைகளின் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் அது குடியேறிவிட்டால் குணப்படுத்துவது மிகக் கடினம். மூச்சு வாங்கும் குஞ்சுகளைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதே அறிகுறி வேறு நோய்களிலும் வரும் என்பதால் நாமே மருந்து கொடுத்துப் பார்ப்பது சரியல்ல.

எந்த விரிப்பு பூக்கும், எது பூக்காது என்பதில் அனுபவம் கொடுத்த சில முடிவுகள் எனக்கு உண்டு. நெல் உமியில் சிலிக்கா மிகுதியாக இருப்பதால் அது எளிதில் மக்குவதில்லை; ஆனால் அது ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, கீழே இறங்கவிட்டுவிடும். ஆகவே மேலே உலர்ந்த உமியும் அடியில் ஈரச் சேறும் என்ற ஏமாற்று நிலை உமியில்தான் அதிகம். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். அது நல்ல குணமாகத் தோன்றினாலும், உறிஞ்சிய நீரை எளிதில் விடாது என்பதால் மழைக்காலக் கூண்டில் அது ஊறிய பஞ்சுபோல் கிடக்கும். கோடையில் வெயில் படும் கூண்டுக்கு மட்டும் அதை ஏற்கலாம். மரத்தூளில் ரம்பத்திலிருந்து விழும் நுண்தூளைவிட, இழைப்புளியில் வரும் சுருள் சீவல் மிகச் சிறந்தது. அதனிடையே காற்று ஓடுகிறது. மரவாடியில் வாங்கும்போது ப்ளைவுட் அறுத்த தூள் கலந்திருக்கிறதா, பூச்சி மருந்து ஊட்டிய மரமா என்று கேட்டு வாங்க வேண்டும். வைக்கோலைத் தரைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

விரிப்பைத் தடிமனாகப் பரப்பி மாதக்கணக்கில் மாற்றாமல் விடும் ஆழ்கூளம் போடுபவர்கள் ஒரு கைப்பிடி சோதனையை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அடிப்பகுதியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால், கூளம் மெல்ல உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. பிடிக்கவே வராமல் புழுதியாகப் பறந்தால் மிகையான உலர்வு.

அறிகுறி: மணல் எத்தனை நாள் வெயில் பட்டும் பிசுபிசுக்கிறது

கடற்கரையில் இருந்து அள்ளிய மணலா என்று விசாரியுங்கள். கடல் மணலில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் கடலோரக் காற்றில் அது முழுவதும் உலர்வதே இல்லை. ஆற்று மணல் நல்ல விரிப்பு. எச்சம் அதில் உருண்டு உலர்ந்துவிடும், சல்லடையால் சலித்து எடுத்துவிடலாம். எம்-சாண்டில் நொறுங்கிய கல்லின் கூர்முனைகளும் மாவும் இருப்பதால் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

மாடியில் மணல் போடுபவர்கள் எடையையும் கணக்கிட வேண்டும். இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ வரும். பத்தடிக்குப் பத்தடிக் கூண்டுக்கு அது 700 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கூடும். பழைய வீட்டின் தளத்தின்மேல் இதை யோசிக்காமல் ஏற்றிவிடக் கூடாது.

அறிகுறி: புழுதி பறக்கிறது, வளர்ப்பவருக்கே இருமல்

ஈரத்துக்கு அஞ்சி எல்லாவற்றையும் உலர்த்தியவர்களுக்கு வருவது இது. புறாவின் இறகிலிருந்து உதிரும் வெண்பொடியும் உலர்ந்த எச்சத்தின் தூசியும் நெடுநாள் நுரையீரலுக்குள் போனால், ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி ஏற்படுகிறது; மருத்துவர்கள் இதைப் புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்றே அழைக்கிறார்கள். கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் வந்து மறுநாள் தணிந்துவிடுவது இதன் தொடக்க அடையாளம். பலர் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது புறா வளர்ப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். சுரண்டுமுன் கைத்தெளிப்பானால் மெல்லிய நீர்த்தூவல் விட்டுத் தூசியை அமர்த்துவதும், என்-95 முகக்கவசம் அணிவதும், துடைப்பத்தை வீசிப் பெருக்காமல் பெயின்டர்கள் பயன்படுத்தும் பட்டித் தகட்டால் சுரண்டி முறத்தில் அள்ளுவதும் கட்டாயம். ரம்பத்தூளோ உலர்ந்த நார்க்கழிவோ விரித்திருந்தால் அதை விலக்கிவிட்டுச் சுருள் சீவலுக்கோ வெறும் பலகைக்கோ மாறலாம்.

அறிகுறி: உள்ளங்காலில் வீக்கம், விரல்களில் எச்ச உருண்டை

ஈர எச்சம் விரல்களில் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். அதைப் பிய்த்து எடுக்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அகற்ற வேண்டும். உள்ளங்கால் வீக்கத்துக்குப் பெரும்பாலும் சொரசொரப்பான சிமென்ட்டோ மெல்லிய கம்பி வலையோ காரணமாக இருக்கும். தோலில் உண்டான சிறு கீறல் வழியாகக் கிருமி நுழைந்து சீழ் கட்டுகிறது. வலைத்தரையில் நிற்கும் புறாக்களுக்கு, ஆங்காங்கே ஒரு சாண் அகலப் பலகைகளை வைத்தால் அவை தாமே அதைத் தேர்ந்து நிற்கும். லக்காவைப் போலக் காலில் இறகுள்ள வகைகளுக்கு வலையும் கூளமும் இரண்டுமே ஒத்துவராது. உலர்ந்த பலகைத் தரையே தகும்.

அறிகுறி: குஞ்சின் கால்கள் இரு பக்கமும் அகன்று போகின்றன

இது பெரும்பாலும் அடைச் சட்டியின் தவறு. வழுவழுப்பான மண்சட்டியிலோ செய்தித்தாள் விரித்த பெட்டியிலோ குஞ்சின் கால் பிடிப்பில்லாமல் சறுக்குகிறது. சட்டியின் அடியில் தேங்காய் நாரைக் கையால் அழுத்திப் பரப்பி, அதன்மேல் ஈர்க்குச்சியும் வேப்பங்குச்சியும் கிடைக்கும்படி விட்டால் ஜோடியே மீதியைக் கட்டிக்கொள்ளும். முதல் வாரத்திலேயே கவனித்தால் கால்களை மென்மையான நாடாவால் இயல்பான இடைவெளியில் சில நாள் கட்டிச் சரிசெய்யலாம்; எலும்பு இறுகிய பிறகு முடியாது. செய்தித்தாளை நோயுற்ற புறாவைப் பிரித்து வைக்கும் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எச்சத்தின் நிறத்தையும் நீர்மையையும் அதில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

அறிகுறி: மருந்து கொடுத்தும் கழிச்சல் திரும்பத் திரும்ப வருகிறது

குடற்பூச்சிக்கும், காக்சிடியா என்னும் நுண்ணிய குடல் ஒட்டுண்ணியால் வரும் கழிச்சலுக்கும் மருந்து கொடுத்தபின் புறாக்கள் தேறி, சில வாரங்களில் மீண்டும் இளைத்தால், அவை தரையிலிருந்து தொற்றைத் திரும்பப் பெறுகின்றன. எச்சத்தோடு வெளியேறும் காக்சிடியாவின் முட்டைக்கூடுகள் உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றித் தொற்றும் நிலையை அடைகின்றன. அதனால்தான் நாள்தோறும் சுரண்டுவது வாரம் ஒருமுறை மருந்தடித்துக் கழுவுவதைவிடப் பயன் தருகிறது. உருளைப் புழுவின் முட்டைகள் முற்றுவதற்கு இன்னும் அதிக நாள் எடுத்துக்கொண்டாலும், ஈரக் கூளத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிருமிநாசினிக்கும் எளிதில் மசியா.

இந்தத் தொல்லைக்கு ஆளான கூண்டில் ஆழ்கூளத்தை விட்டுவிட்டு இடைவெளித் தரைக்கு மாறுவதே என் பரிந்துரை. முக்கால் அங்குலக் கண்ணுள்ள தடித்த வெல்டு மெஷ் கம்பி வலையையோ, ஓர் அங்குல இடைவெளி விட்டு அடித்த ரீப்பர் கட்டைகளையோ கழற்றி எடுக்கக்கூடிய சட்டங்களாகச் செய்து, தரைக்கு ஓர் அடிக்கு மேல் உயர்த்திப் பொருத்தினால், எச்சம் கீழே விழுந்துவிடும். சிந்திய தானியத்தை எச்சத்திலிருந்து பொறுக்கித் தின்னும் வாய்ப்பும் புறாவுக்கு இல்லாமற்போகும். சட்டங்களுக்கு அடியில் குவிவதை வாரம் இருமுறை அள்ளாவிட்டால், ஈயும் எலியும் நெடியும் கண்மறைவில் வளரும். கூண்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஆசை வந்தால், வெயில் உறுதியான நாளில் காலையிலேயே கழுவி, மாலைக்குள் முழுவதும் உலர்ந்த பிறகே புறாக்களை உள்ளே விட வேண்டும். மழைக்காலத்தில் கழுவவே கூடாது.

அறிகுறி: மூலைகளிலும் அடைச் சட்டியிலும் கறுத்த மணிகள் கிடக்கின்றன

கடுகைவிடப் பெரிதாக, பளபளப்பாக, விதைபோலக் காணப்படும் இவை எலி எச்சமோ தானியமோ அல்ல. புறாவின் இறகுக்குள் தட்டையாக ஓடி ஒளிந்து இரத்தம் குடிக்கும் புறா ஈயின் கூட்டுப்புழுக்கள் இவை. அந்த ஈ புறாக்களுக்கு மலேரியாவைப் போன்ற ஓர் இரத்த நோயையும் பரப்புகிறது. கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அடைச் சட்டியின் கூளத்தையும் தரைப் பலகைகளின் இடுக்குகளில் உள்ள தூசியையும் முழுவதும் மாற்றினால் அதன் சுழற்சி அறுந்துவிடும். ஆழ்கூளத்தை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அகற்றிய கூளத்தை மாடியின் ஒரு மூலையில் கொட்டி வைத்தால், ஈக்கள் அங்கிருந்தே வெளிவந்து கூண்டுக்குத் திரும்பிவிடும். ஆகவே அதைக் கறுப்புப் பாலிதீன் பையில் இறுகக் கட்டிச் சில வாரம் வெயிலில் போட்டுவைத்து, அதன்பின் மக்கவைத்துச் செடிகளுக்கு இடலாம்.